கோல்ட் அக்ளுட்டினின் நோய்: காத்திருப்பதா, ரிட்டுக்சிமாப்பா, கூட்டு மருந்தா, நிரப்புப் புரதத் தடையா?

ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 9 கிராமுக்கு இறங்கிவிட்ட நிலையில், ஒரு மருத்துவர் ரிட்டுக்சிமாப் மட்டும் போதும் என்கிறார். இன்னொருவர் அதனுடன் பெண்டாமஸ்டினையும் சேர்க்க வேண்டும் என்கிறார். மூன்றாமவர் குளிர் படாமல் பார்த்துக்கொண்டு இன்னும் சில மாதம் பொறுத்திருக்கலாம் என்கிறார். கோல்ட் அக்ளுட்டினின் நோய் இருப்பதாகத் தெரியவந்தவர்களில் பலர் வந்து நிற்கும் இடம் இது. மூவர் சொல்வதும் சரியாக இருக்கலாம் என்பதுதான் சிக்கல். ஒவ்வொருவரும் வேறொரு கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எந்தக் கேள்வி நோயாளியினுடையது என்பதைப் பிரித்துப் பார்க்கவே இந்த ஒப்பீடு.

## முதலில், உடலுக்குள் நடப்பது என்ன

கோல்ட் அக்ளுட்டினின் என்பது, குளிர்ந்த நிலையில் ரத்தச் சிவப்பணுக்களின் மேல் ஒட்டி, அவற்றைக் கொத்துக் கொத்தாகத் திரட்டும் எதிர்ப்பொருள். விலங்குகளின் ரத்தத்தில் இதை 1903ஆம் ஆண்டிலேயே காரல் லாண்ட்ஸ்டைனர் விவரித்தார். மனிதர்களிடம் இது பெரும்பாலும் ஐஜிஎம் என்னும் எதிர்ப்பொருள் வகையைச் சேர்ந்தது. சிவப்பணுவின் மேற்பரப்பில் உள்ள 'ஐ' என்னும் சர்க்கரைக் கட்டமைப்பையே பெரும்பாலும் பற்றுகிறது. ஆரோக்கியமானவர்களின் ரத்தத்திலும் இது சிறிதளவு இருக்கும். ஆனால் உடலில் எங்கும் நேராத கடுங்குளிரில் மட்டுமே அது செயல்படுவதால் தீங்கு செய்வதில்லை. நோயாளியின் எதிர்ப்பொருள் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரையிலும், சிலரிடம் அதற்கு மேலும் செயல்படக்கூடியது. விரல் நுனி, மூக்கு நுனி, காது மடல் ஆகியவை குளிரில் அந்த வெப்பநிலைக்கு எளிதில் இறங்கிவிடுகின்றன. ஆகவே எதிர்ப்பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, அது எந்த வெப்பநிலை வரை பற்றிக்கொள்ளும் என்பதே நோயின் கடுமையைத் தீர்மானிக்கிறது.

குளிர்ந்த விரலில் எதிர்ப்பொருள் சிவப்பணுவைப் பற்றியதும் இரண்டு வெவ்வேறு தீங்குகள் தொடங்குகின்றன. சிவப்பணுக்கள் திரண்டு நுண்குழாய்களை அடைப்பதால் விரல்கள் நீலம் பாய்ந்து வலிக்கின்றன. இது ஒன்று. நோய்க்கிருமிகளை அழிக்க உதவுவதற்காக ரத்தத்தில் உள்ள நிரப்புப் புரதங்கள் தூண்டப்பட்டு சி3பி என்னும் புரதம் சிவப்பணுவின் மேல் படிவது மற்றொன்று. ரத்தம் உடலின் நடுப்பகுதிக்குத் திரும்பி வெப்பமடையும்போது எதிர்ப்பொருள் கழன்றுவிடும், சி3பி கழலாது. அந்த அடையாளத்தைத் தாங்கிய சிவப்பணுக்களைக் கல்லீரலில் உள்ள விழுங்கணுக்கள் அழிக்கின்றன. ரத்தசோகை, கண்ணில் மஞ்சள், ஓயாத களைப்பு எல்லாம் இதன் விளைவு. இரண்டு தீங்குகளையும் தனித்தனியே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் வரும் ஒப்பீடு பெரும்பாலும் இந்தப் பிரிவினையைச் சார்ந்தே நிற்கிறது.

இந்த எதிர்ப்பொருளை உற்பத்தி செய்வது எலும்பு மஜ்ஜையில் மெதுவாகப் பெருகும் ஒரு சிறிய பி அணுக் கூட்டம். 2022இல் வெளியான உலக அளவிலான ரத்தநோய் வகைப்பாடுகள் இதைத் தனி நோயாகவே சேர்த்துக்கொண்டன.

இங்கு பேசப்படுவது அந்த முதன்மை நோயைப் பற்றி மட்டுமே. மைக்கோபிளாஸ்மா நிமோனியாவுக்குப் பின்னரோ எப்ஸ்டீன்–பார் வைரஸ் தொற்றுக்குப் பின்னரோ தோன்றும் கோல்ட் அக்ளுட்டினின் சில வாரங்களில் தானே மறைந்துவிடும். நிணநீர்ப் புற்றோடு சேர்ந்து வருவதற்கு அந்தப் புற்றுக்கான சிகிச்சையே சிகிச்சை. குளிரில் உறையும் கிரையோகுளோபுலினும், பெரும்பாலும் தொற்றுக்குப் பின் குழந்தைகளிடம் காணப்படும் டோனாத்–லாண்ட்ஸ்டைனர் எதிர்ப்பொருளும் பெயரளவில் நெருக்கமானவையே தவிர, முற்றிலும் வேறானவை. சிவப்பணுவின் மேல் என்ன படிந்திருக்கிறது என்று பார்க்கும் நேரடி கூம்ப்ஸ் சோதனையில் சி3டி (சி3பியின் எச்சம்) நேர்மறையாகவும், ஐஜிஜி என்னும் வேறு வகை எதிர்ப்பொருள் எதிர்மறையாகவோ மிகப் பலவீனமாகவோ இருந்து, 4 டிகிரியில் கோல்ட் அக்ளுட்டினினின் செறிவைக் காட்டும் அளவு (டைட்டர்) 64 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் கீழே வரும் ஒப்பீடு பொருந்தும்.

## எதைக் கொண்டு எடைபோடுவது

முதல் அளவுகோல், நோயாளியை உண்மையில் வருத்துவது எது என்பது: ரத்தசோகையா, குளிரில் நீலமாகும் விரல்களா, இரண்டுமா. இதைத் தெளிவாகக் கேட்காமலே மருந்து தொடங்கப்படுவதுதான் பின்னாளில் வரும் ஏமாற்றத்துக்கு முக்கியக் காரணம் என்று கருதுகிறேன்.

இரண்டாவது, பலன் எவ்வளவு விரைவில் தேவை என்பது. மூன்றாவது, அந்தப் பலன் எவ்வளவு காலம் நிற்கும், சிகிச்சைக்கு ஒரு முடிவு உண்டா, அல்லது நிறுத்தியவுடன் நோய் திரும்புமா என்பது. நான்காவது, உடல் அதைத் தாங்குமா என்பது. இந்த நோய் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்களுக்கே வருவதால், இதை ஒரு சடங்குக் கேள்வியாகத் தள்ளிவிட முடியாது. ஐந்தாவது, இன்று எடுக்கும் முடிவு நாளைக்குக் கிடைக்கக்கூடிய இன்னொரு சிகிச்சையைக் கடினமாக்குகிறதா என்பது. மருந்தின் விலையைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். இந்த ஐந்தாவதைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு.

## மருந்தின்றிக் கண்காணிப்பது

அறிகுறிகள் இல்லாமலோ மிகக் குறைவாகவோ இருந்து, ஹீமோகுளோபின் 10 கிராமுக்கு மேல் நிலையாக நின்றால், இது சோம்பலான தேர்வு அல்ல, சரியான தேர்வு. கையுறை, காலுறை, தலையையும் காதையும் மூடும் துணி, குளிர்ந்த பானங்களைத் தவிர்த்தல், குளிரூட்டிய அறையில் உடம்பைப் போர்த்திக்கொள்ளுதல் ஆகியவற்றோடு, சிவப்பணு உற்பத்தி இடைவிடாமல் நடப்பதால் தீர்ந்துபோகும் ஃபோலிக் அமிலத்தை ஈடுகட்ட அதன் மாத்திரை.

குளிரைத் தவிர்ப்பது எவ்வளவு உதவும்? விரல் தொல்லைக்கு நன்றாகவே உதவும். ரத்தசோகைக்கு அந்த அளவுக்கு எதிர்பார்க்க முடியாது. 2020இல் வெளியான, 232 நோயாளிகளை உள்ளடக்கிய பன்னாட்டு ஆய்வில், குளிர் மிகுந்த நார்வேயில் இந்நோய் இத்தாலியின் லொம்பார்டியைக் காட்டிலும் ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. தட்பவெப்பத்துக்குப் பங்கு உண்டு என்பதை இது காட்டுகிறது. ஆயினும் எதிர்ப்பொருள் 30 டிகிரிக்கு மேலும் பற்றக்கூடியவராக இருந்தால், அவரது தோலின் இயல்பான வெப்பமே அதற்குப் போதும். கோடையிலும் சிவப்பணு அழிந்துகொண்டுதான் இருக்கும். "சரியாகப் போர்த்திக்கொள்ளவில்லை, அதனால்தான் ஹீமோகுளோபின் இறங்கிவிட்டது" என்று நோயாளியைக் குற்றம் சொல்லும் வீட்டார் இதை அறிந்துகொள்ள வேண்டும்.

இந்தத் தேர்வின் மறைமுகச் செலவு மூன்று வகையில் வருகிறது. ரத்தக்குழாயில் உறைகட்டி ஏற்படும் வாய்ப்பு இந்நோயாளிகளிடம் கூடுதலாக இருப்பது தெரிந்ததே. ஹீமோகுளோபின் ஓரளவு நன்றாக இருப்பதாலேயே அந்த வாய்ப்பு நீங்கிவிட்டதாகக் கொள்ள முடியாது. காய்ச்சல் வரும்போது ரத்தசோகை திடீரென்று மோசமாகும். நோயால் குறைந்திருக்கும் நிரப்புப் புரதங்கள் காய்ச்சலின்போது கூடுதலாக உற்பத்தியாவதே இதற்குக் காரணம். காய்ச்சல் உடம்பைச் சூடாக்குவதால் நல்லதுதானே என்று நினைப்பவர்கள் இங்கே ஏமாறுகிறார்கள். மூன்றாவது, களைப்பு. அது மெல்ல மெல்லக் கூடுவதால் நோயாளி அதற்குப் பழகிப்போய், வயதின் களைப்பு என்று எண்ணிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடுகிறார். கண்காணிப்பு என்றால் ஹீமோகுளோபின் எண்ணை மட்டும் பார்ப்பது அல்ல. ஆறு மாதத்துக்கு முன் செய்த எந்த வேலையை இப்போது செய்வதில்லை என்று கேட்பதும் அதில் சேரும்.

ரத்தப் பரிசோதனையின் எண்களும் நம்பத்தக்கவையாக இருக்க வேண்டும். ரத்த மாதிரி குளிர்ந்துவிட்டால் சிவப்பணுக்கள் குழாயிலேயே திரண்டு, எண்ணும் கருவி ஒரு கொத்தை ஒரே அணுவாகக் கணக்கிடும். சிவப்பணு எண்ணிக்கை பொய்யாகக் குறைந்தும், சராசரி அணு அளவு பொய்யாகக் கூடியும் காட்டும். மாதிரியை 37 டிகிரியில் வைத்துச் சோதிக்கும் ஆய்வகத்தைத் தேடிப் போவது எந்தச் சிகிச்சையைத் தேர்ந்தாலும் தேவைப்படும்.

## ரிட்டுக்சிமாப் மட்டும்

எதிர்ப்பொருளை உற்பத்தி செய்யும் பி அணுக்களைக் குறிவைக்கும் இந்த மருந்து, உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 375 மில்லிகிராம் என்ற அளவில், வாரத்துக்கு ஒரு முறையாக நான்கு வாரங்கள் ரத்தநாளம் வழியாகச் செலுத்தப்படுகிறது. ஒரு மாதத்தில் முடிந்துவிடும். 2004இல் வெளியான ஆய்வில், முதல் முறை பெற்ற 27 பேரில் 14 பேருக்குப் பலன் கிடைத்தது. நோய் திரும்பி, மீண்டும் மருந்து பெற்ற 10 பேரில் 6 பேருக்கு மறுபடியும் பலன் கிடைத்தது. பலன் நின்ற காலத்தின் இடைநிலை அளவு 11 மாதம். முழுமையாக நோய் அடங்கியவர்கள் மிகச் சிலர்.

அதாவது, இருவரில் ஒருவருக்குப் பலிக்கும், பலித்தாலும் ஓராண்டு சொச்சத்தில் திரும்ப வாய்ப்புண்டு. இதைக் கேட்டதும் வேண்டாம் என்று தோன்றலாம். ஆனால் மற்றவற்றோடு ஒப்பிடும்போது உடல் எளிதாகத் தாங்கக்கூடிய மருந்து இது. முதல் முறை செலுத்தும்போது வரும் நடுக்கம், காய்ச்சல் போன்ற எதிர்வினைகளைச் சமாளிக்க முடியும்; திரும்பவும் கொடுக்கலாம்; எதிர்ப்பொருளே குறைவதால் விரல் தொல்லையும் குறையக்கூடும்.

மறைந்திருக்கும் செலவுகளில் ஒன்று ஹெபடைட்டிஸ் பி. என்றோ வந்து அடங்கிய தொற்று, ரிட்டுக்சிமாப்புக்குப் பின் மீண்டும் கிளர்ந்தெழுந்து கல்லீரலைப் பாதிக்கலாம். மேற்பரப்பு ஆன்டிஜென் சோதனை மட்டும் போதாது. உட்கருப் புரதத்துக்கான எதிர்ப்பொருளையும் மருந்து தொடங்கும் முன்பே சோதிக்க வேண்டும்.

இன்னொன்று தடுப்பூசி. இந்த மருந்துக்குப் பின் குறைந்தது ஆறு மாதத்துக்குத் தடுப்பூசிகள் சரியாகப் பலிப்பதில்லை. பலிக்க வேண்டிய பி அணுக்களே இல்லை. பின்னால் வரும், நிரப்புப் புரதத்தைத் தடுக்கும் சுட்டிம்லிமாப் என்னும் மருந்துக்கோ நியூமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ் தடுப்பூசிகள் முன்தேவை. எனவே ரிட்டுக்சிமாப் தொடங்கும் முன்பே அந்தத் தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்வது, என்றைக்காவது அந்த மருந்து தேவைப்பட்டால் காத்திருக்கும் நிலையைத் தவிர்க்கும்.

## ரிட்டுக்சிமாப்புடன் பெண்டாமஸ்டின்

நீடித்த பலனை நாடுபவருக்கு இதுவரை கிடைத்தவற்றில் வலுவான ஆதாரம் உள்ளது இதற்குத்தான். 28 நாட்களுக்கு ஒரு சுற்று என நான்கு சுற்றுகள்; ஒவ்வொரு சுற்றிலும் முதல் நாள் ரிட்டுக்சிமாப், முதல் இரண்டு நாட்கள் பெண்டாமஸ்டின். 2017இல் வெளியான ஆய்வில் 45 பேரில் 32 பேருக்குப் பலன் கிடைத்தது. அவர்களில் 18 பேருக்கு நோய் முழுமையாக அடங்கியது. பின்தொடர்ந்து பார்த்தபோது, பலன் நின்ற காலத்தின் இடைநிலை அளவு 88 மாதத்துக்கும் மேல் என்று தெரிந்தது. தனி ரிட்டுக்சிமாப்பின் 11 மாதத்தோடு இதை வைத்துப் பார்த்தால், தேர்வு எளிது என்றே தோன்றும்.

எளிதில்லை. பெண்டாமஸ்டின் ஒரு கீமோதெரபி மருந்து. அந்த ஆய்வில் மூவரில் ஒருவருக்கு வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில்கள் கடுமையாகக் குறைந்தன. டி அணுக்களும் நீண்ட காலம் குறைந்தே இருப்பதால் அக்கி போன்ற தொற்றுகளை மாதக்கணக்கில் எதிர்பார்த்திருக்க வேண்டும். இந்த மருந்தைப் பெற்றவருக்குப் பின்னாளில் ரத்தம் ஏற்ற நேர்ந்தால் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய ரத்தமே ஏற்றப்பட வேண்டும் என்ற பரிந்துரை உண்டு. அந்தக் குறிப்பை நோயாளி எப்போதும் கையில் வைத்திருப்பது நல்லது. வருங்காலத்தில் வேறொரு புற்று வரும் வாய்ப்பைப் பற்றிய கவலையும் உண்டு. எழுபத்தைந்து வயதில் அதன் எடை வேறு, நாற்பத்தைந்து வயதில் வேறு. குழந்தைப்பேறு இன்னும் திட்டத்தில் இருப்பவர், முதல் சுற்றுக்கு முன்பே அதைப் பேசியாக வேண்டும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். பலன் தென்படவே ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகலாம். முழுப் பலன் அதற்கும் பல மாதம் கழித்து வரக்கூடும். மூன்றாவது சுற்றில் "மருந்து வேலை செய்யவில்லை" என்று மனம் தளர்ந்து நிறுத்திவிடுவது, செலவை முழுதும் ஏற்றுக்கொண்டு வரவைத் தள்ளிவிடுவதற்கு ஒப்பு.

இதற்கு முன் பயன்பட்ட ரிட்டுக்சிமாப்–ஃபுளூடராபின் கூட்டும் நல்ல பலன் தந்ததே. 2010இல் வெளியான ஆய்வில் 29 பேரில் 22 பேருக்குப் பலித்து, இடைநிலையாக 66 மாதம் நின்றது. ஆனால் அதன் நச்சுத்தன்மை கூடுதல் என்பதால் முதல் வரிசையிலிருந்து விலகிவிட்டது.

## சுட்டிம்லிமாப்

மேலே சொன்ன இரண்டும் எதிர்ப்பொருளின் உற்பத்தியைக் குறைப்பவை. இது உற்பத்தியைத் தொடுவதே இல்லை. எதிர்ப்பொருள் சிவப்பணுவைப் பற்றிய பின், நிரப்புப் புரதங்களின் வரிசையைத் தொடங்கி வைக்கும் சி1எஸ் என்னும் நொதியைத் தடுக்கிறது. 2022 பிப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இதன் வலிமை வேகம். அண்மையில் ரத்தம் ஏற்றப்பட்டிருந்த 24 பேரைக் கொண்ட ஆய்வில் முதல் வாரத்திலேயே ஹீமோகுளோபின் சராசரியாக ஒரு கிராமுக்கு மேல் உயர்ந்தது. 26ஆவது வாரத்தையொட்டிய மதிப்பீட்டில் உயர்வு 2.6 கிராம். ஐந்தாவது வாரத்துக்குப் பின் 17 பேருக்கு ரத்தம் ஏற்றவே தேவைப்படவில்லை. அண்மையில் ரத்தம் ஏற்றாதவர்களிடம் போலி மருந்தோடு ஒப்பிட்டுச் செய்த ஆய்வில் 22 பேரில் 16 பேர் இலக்கை எட்டினர். போலி மருந்து பெற்ற 20 பேரில் மூவரே எட்டினர். களைப்பும் விரைவில் குறைகிறது.

இதன் குறையை முன்பு பார்த்த இரண்டு தீங்குகளைக் கொண்டு புரிந்துகொள்ளலாம். எதிர்ப்பொருள் அப்படியே இருக்கிறது. ஆகவே குளிரில் சிவப்பணுக்கள் திரள்வதும் அப்படியே இருக்கிறது. விரல் நீலமாவதற்காக மட்டும் இதைத் தேர்ந்தெடுப்பவர், ஹீமோகுளோபின் 12ஐத் தொட்ட பிறகும் கையுறையைக் கழற்ற முடியாமல் வருந்துவார். மருந்தை நிறுத்தினால் சிவப்பணு அழிவு சில வாரங்களில் பழைய நிலைக்கே திரும்பிவிடும். முதல் இரண்டு முறை ஒரு வார இடைவெளியில், பிறகு இரண்டு வாரங்களுக்கு ஒரு முறை எனக் காலவரையின்றிச் செலுத்த வேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 26 முறை மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கடைசியாகப் பெற்றதிலிருந்து 17 நாளைத் தாண்டிவிட்டால் மறுபடியும் வார இடைவெளியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும் என்பதால், பயணம், பண்டிகை எல்லாம் அந்த நாட்காட்டிக்கு அடங்கியே நடக்கும். உறையுள்ள பாக்டீரியாக்களுக்கான தடுப்பூசிகளை, இயன்றால் இரண்டு வாரத்துக்கு முன்பே முடித்திருக்க வேண்டும். விலையும் மிக உயர்ந்தது, அது முடிவில்லாத செலவு. பல நாடுகளில் கிடைப்பதே அரிது.

## ஒரே பார்வையில்

| | கண்காணிப்பு | ரிட்டுக்சிமாப் | ரிட்டுக்சிமாப் + பெண்டாமஸ்டின் | சுட்டிம்லிமாப் |
|---|---|---|---|---|
| ரத்தசோகைக்கு | மிதமானதைத் தாங்கிக்கொள்ள மட்டும் | சுமார் பாதிப் பேருக்கு | 45 பேரில் 32 பேருக்கு | பெரும்பாலோருக்கு |
| விரல் தொல்லைக்கு | குளிர் தவிர்ப்பு உதவும் | குறையலாம் | நன்கு குறையலாம் | பயனில்லை |
| பலன் தெரிய | பொருந்தாது | சில வாரம் முதல் சில மாதம் | இரண்டு மாதம், அதற்கு மேலும் | சில நாட்கள் |
| பலன் நிற்பது | நோயின் போக்கைப் பொறுத்து | சுமார் 11 மாதம் | பல ஆண்டுகள் | மருந்து தொடரும் வரை |
| சிகிச்சைக் காலம் | தொடர்ச்சி | 4 வாரம் | சுமார் 4 மாதம் | முடிவில்லை |
| மறைவான சுமை | உறைகட்டி, பழகிப்போன களைப்பு | ஹெபடைட்டிஸ் பி, தடுப்பூசி பலிக்காமை | தொற்று, வெள்ளணுக் குறைவு | இரு வார நாட்காட்டி, விலை |

## பட்டியலில் இடம் பெறாத இரண்டு

ஸ்டீராய்டும் மண்ணீரல் நீக்கமும் இங்கே வேண்டுமென்றே விடப்பட்டன. ஐஜிஜி எதிர்ப்பொருளால் வரும் வெப்ப வகை ரத்தசோகைக்கு இவை நல்ல சிகிச்சைகள்; அங்கே சிவப்பணுவை அழிப்பது முக்கியமாக மண்ணீரல். இங்கே அழிப்பது கல்லீரல். மண்ணீரலை எடுப்பதால் ஆவது ஒன்றுமில்லை. ஸ்டீராய்டு சிறு பங்கினருக்கே பலிக்கிறது; அவர்களுக்கும் பெரும்பாலும் நீண்ட நாள் தாங்க முடியாத அளவு தேவைப்படுகிறது. 2020இல் வெளியான பன்னாட்டு நிபுணர் பரிந்துரையும் ஸ்டீராய்டைத் தவிர்க்கவே சொல்கிறது. ஆனாலும் "ஆட்டோ இம்யூன் ரத்தசோகை" என்ற பொதுப் பெயரைக் கண்டதும் பிரட்னிசொலோன் எழுதப்படுவது இன்னும் நடக்கிறது. சீட்டில் அது இருந்தால், கூம்ப்ஸ் சோதனையின் முழு விவரத்தையும் கேட்டு, ஐஜிஜியா சி3டியா என்று பார்த்துவிட்டே விழுங்க வேண்டும். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவர் மட்டும் தானாக நிறுத்தக் கூடாது. படிப்படியாகக் குறைக்க வேண்டிய மருந்து அது.

## யாருக்கு எது

ரத்தசோகை மிதமாகவும், அன்றாட வேலைகள் குறையாமலும் இருப்பவர் காத்திருப்பதே மேல். மருந்து தொடங்குவதற்கு எண் அல்ல, அறிகுறியே காரணமாக வேண்டும். வயது முதிர்ந்தவர், அடிக்கடி தொற்றுக்கு ஆளாகிறவர், வேறு நோய்களும் உள்ளவர், சிகிச்சை தேவைப்பட்டால் தனி ரிட்டுக்சிமாப்பில் தொடங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன். பாதி வாய்ப்பு என்றாலும் இழப்பு சிறிது. ஓரளவு உடல் திடமும், கடுமையான ரத்தசோகையும், குளிரில் முடங்கிப்போகும் விரல்களும் சேர்ந்து உள்ளவருக்குக் கூட்டு மருந்தே என் முதல் பரிந்துரையாக இருக்கும், நான்கு மாதச் சிரமத்துக்குப் பல ஆண்டு ஓய்வு கிடைக்கும் என்பதால். இந்த இரண்டும் பலிக்காதவர்க்கும், கீமோதெரபியைத் தாங்க முடியாதவர்க்கும், ரத்தசோகை வேகமாக மோசமாகிறவர்க்கும் சுட்டிம்லிமாப், அது கிடைக்கும் இடத்தில். இதை ஒரு பாலமாகவும் பயன்படுத்தலாம்: கூட்டு மருந்தின் பலன் மெல்ல வரும் வரை ஹீமோகுளோபினைத் தாங்கிப் பிடிக்க.

எந்த மருந்தும் வேலை செய்யும் முன் ஹீமோகுளோபின் ஆபத்தான அளவுக்கு இறங்கினால் ரத்தம் ஏற்றுவதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. நோயாளியை வெதுவெதுப்பாக வைத்து, ரத்தத்தை உரிய சூடேற்றும் கருவி வழியாகச் செலுத்தினால் போதும். உடலைக் குளிர்விக்கும் இதய அறுவை சிகிச்சை அருகில் இருப்பவருக்கு மட்டும் மேற்சொன்ன கணக்கு மாறும். அங்கே நீடித்த பலனைவிட, அறுவை நாளன்று எதிர்ப்பொருள் குறைவாக இருப்பதே முக்கியம் என்பதால், பிளாஸ்மா மாற்று சிகிச்சை சில நாள் அவகாசம் தரும். அதிலும் குழாய்களைச் சூடாக வைத்திருக்க வேண்டும். எடுத்த பிளாஸ்மாவுக்கு ஈடாக அல்புமினையே கொடுக்க வேண்டும், ஏனெனில் பிறர் பிளாஸ்மா புதிய நிரப்புப் புரதங்களையும் சேர்த்தே கொண்டுவரும்.